மாமல்லபுரம்: வசிப்பது 15 ஆயிரம் பேர், வந்து போவது லட்சக்கணக்கில்... இந்த ஊரின் உண்மையான கணக்கு என்ன?

மாமல்லபுரத்தின் மக்கள்தொகை எவ்வளவு? செல்போனில் தேடினால் உடனே வரும் பதில் 15,172. இது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்ன எண். அதற்குப் பிறகு இந்த ஊருக்கு சீன அதிபர் வந்து இளநீர் குடித்துவிட்டுப் போனார். செஸ் ஒலிம்பியாட் நடந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்துவிட்டது. எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போனது. வீடுகளைக் கணக்கெடுக்கும் பணி 2026-ல், ஆட்களைக் கணக்கெடுக்கும் பணி 2027 பிப்ரவரியில், அடிப்படை நாள் 2027 மார்ச் 1 என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இந்த முறை சாதி விவரமும் கேட்கப்படும், பதிவு செல்போன் செயலி வழியாக நடக்கும். அந்தப் புதிய எண் வரும்வரை, இந்த ஊருக்கு எத்தனை துப்புரவுப் பணியாளர் தேவை, எவ்வளவு தண்ணீர் தேவை, அரசு நிதியில் எவ்வளவு பங்கு என்ற கேள்விக்கெல்லாம் 15,172 என்ற எண்தான் அடித்தளம்.

சரி, அந்த எண் இந்த ஊரைப் பற்றி எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது? பார்ப்போம்.

மாவட்டத்தில் மாமல்லபுரத்தின் இடம் எது?

செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29-ல் செயல்பாட்டுக்கு வந்தது. மாநிலத்தின் 37-வது மாவட்டம். 2011 கணக்கின்படி இந்த எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 25.56 லட்சம் பேர். ஆனால் அந்த 25 லட்சம் பேரும் மாவட்டம் முழுக்கப் பரவி இருக்கவில்லை. பெருங்கூட்டம் வடக்கே, சென்னையை ஒட்டிய தாம்பரம், பல்லாவரம் பக்கம். பல்லாவரத்தில் மட்டும் 2011-லேயே 2 லட்சத்துக்கு மேல். மாவட்டத் தலைநகரான செங்கல்பட்டு நகரில் 62 ஆயிரத்துச் சொச்சம். தெற்கே மதுராந்தகம், செய்யூர் பக்கம் போனால் ஏரியும் வயலும்தான்.

மாமல்லபுரம் இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில், கடலோரத்தில் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் வட்டம், திருப்போரூர் சட்டமன்றத் தொகுதி, காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி. பேரூராட்சியாக இருந்தபோது 15 வார்டுகள், பரப்பு சுமார் 12.5 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சதுர கிலோமீட்டருக்கு 1,200 பேர். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இது ரொம்பக் குறைவு.

வளர்ச்சியும் அப்படித்தான். 2001-ல் 12 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டி இருந்த மக்கள்தொகை, பத்து ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. மாநில சராசரியான 15.6 சதவீதத்தைவிட இது அதிகம். ஆனால் அதே பத்து ஆண்டுகளில் பழைய காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 சதவீதம் வளர்ந்தது. அதாவது சுற்றுவட்டாரம் ஓடிய வேகத்தில் மாமல்லபுரம் ஓடவில்லை. நிலம் இல்லாமலா? வேலை இல்லாமலா? காரணத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம். அது இந்த ஊரின் சிற்பங்களோடேயே பின்னிக் கிடக்கிறது.

தாஜ்மஹாலை முந்திய ஆண்டு

2022 செப்டம்பரில் மத்திய சுற்றுலா அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரம் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 2021-22-ல் இந்தியாவில் கட்டணம் வசூலிக்கும் நினைவுச்சின்னங்களில் அதிக வெளிநாட்டினர் பார்த்தது மாமல்லபுரத்தைத்தான்: 1,44,984 பேர். தாஜ்மஹாலுக்குப் போன வெளிநாட்டினர் 38,922 பேர்.

பெருமைதான். ஆனால் அது கொரோனா ஆண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் முடங்கிக் கிடந்த நேரம் அது. போக்குவரத்து சீரானதும் தாஜ்மஹால் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. இருந்தாலும் கொரோனா ஆண்டிலேயே ஊர் மக்கள்தொகையைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிநாட்டினர் வந்திருக்கிறார்கள். உள்ளூர்க் கூட்டம் இதில் சேரவில்லை. டிக்கெட் எடுக்காமல் கடலில் கால் நனைத்துவிட்டு, அர்ஜுனன் தபசு முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களை எந்தக் கவுன்ட்டரும் எண்ணுவதில்லை. காணும் பொங்கலன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த எண்ணிக்கை எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகத் தெரிந்திருக்கும்.

வந்தவர்கள் எல்லாருக்கும் கழிப்பறை வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும். அவர்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பையை மறுநாள் காலை யாராவது அள்ள வேண்டும். ஆனால் உள்ளாட்சிகளுக்கு மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கில் முக்கிய அளவுகோல், அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களின் எண்ணிக்கை. இரவில் தூங்குகிறவர்களுக்குப் பணம் வருகிறது. பகலில் வருகிறவர்களுக்குச் செலவு ஆகிறது.

600 ரூபாய் டிக்கெட்... காசு யாருக்கு?

கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் பார்க்க ஒரே டிக்கெட்தான். இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டினருக்கு 600 ரூபாய். ஆன்லைனில் எடுத்தால் கொஞ்சம் குறையும். 2019 அக்டோபரில் மோடி – ஷி ஜின்பிங் சந்திப்பு முடிந்த கையோடு, அதுவரை இலவசமாக இருந்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் கட்டணம் வந்தது.

இந்தத் தொகையை வசூலிப்பது இந்தியத் தொல்லியல் துறை. பணம் மத்திய அரசின் கணக்கில் சேரும். அந்த 1,44,984 பேரும் தலா 600 ரூபாய் கொடுத்ததாக வைத்துக்கொண்டால் 8 கோடியே 70 லட்சம் ரூபாய் ஆகும். சிறுவர்களுக்கு டிக்கெட் இல்லை, அண்டை நாட்டவருக்கு இந்தியர்களுக்கான கட்டணம்தான், ஆன்லைன் தள்ளுபடி வேறு இருக்கிறது என்பதால் உண்மையான வசூல் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு வசூலானாலும் அதிலிருந்து நேரடியாக ஊருக்கு என்று ஒரு பங்கு கிடையாது.

இங்கேதான் ஆக்ராவைப் பார்க்க வேண்டும். தாஜ்மஹாலில் வெளிநாட்டினருக்கான கட்டணம் 1,100 ரூபாய். அதில் 600 தொல்லியல் துறைக்கு, 500 ஆக்ரா மேம்பாட்டு ஆணையத்துக்கு. இந்தியர் கொடுக்கும் 50 ரூபாயிலும் 10 ரூபாய் அந்த ஆணையத்துக்குத்தான். ஒரே துறை பராமரிக்கும் இரண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்கள். ஒரு ஊரில் டிக்கெட்டிலேயே உள்ளூருக்குப் பங்கு ஒட்டிக்கொண்டு வருகிறது, இன்னொரு ஊரில் வருவதில்லை. மாமல்லபுரம் உள்ளாட்சிக்குக் கிடைப்பது சொத்து வரி, கடை வாடகை, வாகன நுழைவுக் கட்டணம் போன்றவைதான்.

திட்ட நிதி வருவதில்லை என்று சொல்ல முடியாது. 2024 நவம்பரில் மாநிலங்களின் சுற்றுலா மேம்பாட்டுக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பட்டியலில், மாமல்லபுரத்தில் 'நந்தவனம்' பாரம்பரியப் பூங்கா அமைக்க 99.67 கோடி ரூபாய் இருந்தது. புதிய பேருந்து நிலையப் பணியை சிஎம்டிஏ கையில் எடுத்தது. ஆனால் பூங்கா கட்டக் கொடுத்த காசில் தினமும் குப்பை அள்ள முடியாது. ஊர் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மீனவரும் சிற்பியும் ஒரே பெட்டியில்

இந்த ஊர்க்காரர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கேட்டால் நான்கு வகைதான் சொல்லும். சொந்த விவசாயி, விவசாயத் தொழிலாளி, வீட்டுத் தொழில் செய்பவர், 'இதர தொழிலாளர்'. கணக்கெடுக்க வருபவர் தொழிலை எழுதிக்கொண்டுதான் போகிறார். ஆனால் சின்ன ஊர்களுக்கு வெளியாகும் அட்டவணையில் இந்த நான்கு தலைப்புதான் மிஞ்சும்.

கடலில் மீன் பிடிப்பவர் 'இதர'. பட்டறையில் கூலிக்கு உளி பிடிப்பவர் 'இதர'. ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்பவர், பிரெஞ்சு பேசத் தெரிந்த கைடு, ஆட்டோ ஓட்டுபவர், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பொறியாளர் எல்லாருமே 'இதர'. வயல் குறைந்த மாமல்லபுரம் மாதிரி ஊரில் கிட்டத்தட்ட மொத்தப் பொருளாதாரமும் அந்த ஒரு பெட்டிக்குள் போய்விடுகிறது. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியை இந்தக் கணக்கெடுப்பு கேட்பதே இல்லை.

அமெரிக்காவில் இதைவிடச் சின்ன ஊருக்குக்கூட சராசரி குடும்ப வருமானம் என்ன, எத்தனை பேர் வெளியூருக்கு வேலைக்குப் போகிறார்கள், பயண நேரம் எவ்வளவு, வாடகைக்கு வருமானத்தில் எத்தனை பங்கு போகிறது என்று ஆண்டுதோறும் புதுப்பித்த மதிப்பீடு கிடைக்கும். பத்தாண்டு கணக்கெடுப்பு போக, 'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே' என்று தனியாக ஒரு மாதிரி ஆய்வு அங்கே தொடர்ந்து நடக்கிறது. சின்ன ஊர்களுக்கு ஐந்து ஆண்டுத் தரவைச் சேர்த்து மதிப்பீடு தருவார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லாததால், அந்த 'இதர' பெட்டியை நாமே திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மீனவர்கள். மாமல்லபுரம் மீனவர் குப்பம், வடக்கே தேவனேரி, தெற்கே வெண்புருஷம், கொக்கிலமேடு என்று வரிசையாகக் குப்பங்கள். இங்கே துறைமுகம் கிடையாது. ஃபைபர் படகை மணலில் இருந்து தள்ளிக் கடலில் இறக்குவார்கள், திரும்பி வந்தால் மணலிலேயே ஏற்றுவார்கள். ஆக, கரையில் இருக்கும் மணல்தான் இவர்களுக்குத் துறைமுகம். அந்த மணலைக் கடல் அரித்துக்கொண்டே போகிறது என்பதுதான் இந்தக் குப்பங்களின் நீண்ட நாள் புகார். இன்னொரு பக்கம், கரையோரத்தில் விடுதியும் ஓட்டலும் வந்து இடம் சுருங்குகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் முதல்வர் அறிவித்தார்.

இந்தக் குப்பங்களின் அடுத்த தலைமுறை வேறு ஒரு பலகையைக் கையில் எடுத்திருக்கிறது. கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. 2023 ஆகஸ்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் மாமல்லபுரத்தில் நடந்தன. ஆசியப் போட்டியில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார்.

உளிச் சத்தமும் கிரைண்டர் சத்தமும்

அடுத்தது சிற்பிகள். மாமல்லபுரத்துக்கு யார் போனாலும் சிற்பம் பல்லவர் காலத்தோடு முடிந்துபோன கதை என்று நினைக்க மாட்டார்கள். ஐந்து ரதம் சாலையில் இறங்கி நடந்தாலே இரண்டு பக்கமும் பட்டறைகள். ஆனால் பல்லவர் காலச் சிற்பிகளின் வாரிசுகள் இடைவிடாமல் இங்கேயே இருந்து செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லப்படும் கதை அவ்வளவு சரியில்லை. இன்றைய தொழிலுக்கு அடித்தளம் போட்டது 1957-ல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி மையம். அதுதான் வளர்ந்து இன்றைய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதி இந்த நிறுவனத்துக்கு நீண்ட காலம் தலைமை தாங்கியவர். இங்கே படித்தவர்களும், அவர்களிடம் வேலை கற்றவர்களும் போட்ட பட்டறைகள்தான் இந்தச் சாலை முழுக்க.

2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த சிலையை 'மாமல்லபுரம் சிற்பம்' என்று விற்கக்கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது. ஆனால் குறியீடு வந்தால் கூலி தானாக உயராது. பட்டறை முதலாளி, வரைந்து குறியிடும் ஸ்தபதி, தினக்கூலிக்குச் செதுக்குபவர், மெருகு போடுபவர் என்று ஒரு சிலைக்குப் பின்னால் பல கைகள் இருக்கின்றன. வெளிநாட்டுக் கோயிலுக்குப் போகும் பெரிய ஆர்டரின் லாபம் எல்லாக் கைக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை.

வரியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2018 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் கல், பளிங்கு, மரத்தால் செய்த சாமி சிலைகளுக்கு வரிவிலக்கு கொடுத்தது. மற்ற கல் கலைப்பொருட்களுக்கு வரி உண்டு. அதே சிற்பி, அதே கல், அதே உளி. பிள்ளையாராக முடிந்தால் வரி இல்லை, தோட்டத்தில் வைக்கும் யானையாக முடிந்தால் வரி.

தொழிலே இப்போது பாதி மாறிவிட்டது. முன்பு உளியும் சுத்தியலும் வைத்து நாள்கணக்கில் தட்டி எடுத்த வேலையை, இப்போது கட்டிங் மெஷினும் கிரைண்டரும் சில மணி நேரத்தில் முடிக்கின்றன. கண், விரல், நகை என்று நுணுக்கமான இடம் வரும்போதுதான் உளி திரும்பவும் கைக்கு வருகிறது. வேகம் கூடியது. கூடவே தூசியும் கூடியது. கருங்கல்லை மெஷினில் அறுக்கும்போது கிளம்பும் நுண்ணிய சிலிக்கா துகள் நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் 'சிலிகோசிஸ்' வரும். தழும்பு விழுந்த நுரையீரலை மருந்து கொடுத்துப் பழையபடி ஆக்க முடியாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுப்பது, சரியான முகக்கவசம் போடுவது இரண்டும் ஆபத்தைக் குறைக்கும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பது தப்பு. அந்த அளவு பொடித் துகளைத் துண்டு தடுக்காது.

2025-ல் மாநில அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு, 50 ஆயிரம் வரை மானியமும் உண்டு. மெஷின் வாங்கக் கடன் கிடைக்கிறது, நல்லதுதான். தூசியை உறிஞ்சும் கருவிக்கும் அந்தக் கடனைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

2011 கணக்கு தவறவிட்டவர்கள்

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் இருளர் குடும்பங்களும் நரிக்குறவர் குடும்பங்களும் வாழ்கிறார்கள். 2021 அக்டோபரில் இங்குள்ள ஒரு நரிக்குறவர் பெண், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்கார விடவில்லை என்று பேசிய வீடியோ பரவியது. அமைச்சர் சேகர்பாபு வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த சில நாட்களில், நவம்பர் 4 தீபாவளியன்று, முதல்வர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் கொடுத்தார்.

செய்தி அதோடு ஓய்ந்துவிட்டது. ஆனால் புள்ளிவிவரத்தில் ஒரு பெரிய மாற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இருளர்கள் முன்பிருந்தே அந்தப் பட்டியலில் இருப்பவர்கள். நரிக்குறவர்கள் இல்லை. எனவே 2011 கணக்கில் இந்த வட்டாரத்துக்குக் காட்டியிருக்கும் பழங்குடியினர் எண்ணிக்கையில் ஒரு நரிக்குறவர்கூட இல்லை. வரப்போகும் கணக்கில் அந்த எண் கூடினால், யாரோ புதிதாகக் குடிவந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இங்கேயே பாசிமணி விற்றுக்கொண்டிருந்தவர்கள்தான்.

இருளர்களுக்கு இந்தக் கடலோரத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வட நெம்மேலியில் இயங்குகிறது. நாட்டில் பாம்புக்கடிக்கு ஊசி மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. இதே மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் தொழிலும் அட்டவணையில் 'இதர'தான்.

சொந்த வீட்டில் மாடி எடுக்க முடியாதா?

இப்போது முன்னால் விட்ட கேள்விக்கு வரலாம். இந்த ஊர் ஏன் சுற்றுவட்டாரம்போல வளரவில்லை?

பெரிய காரணங்களில் ஒன்று, 100 மீட்டர் விதி. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 1992-ல் அறிவிக்கையாக வந்த இந்த விதியை 2010 சட்டத்திருத்தம் கெட்டியாக்கியது. அனுமதி விஷயத்தைப் பார்க்க தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையமும் வந்தது.

தஞ்சாவூரில் ஒரு பெரிய கோயில், அதைச் சுற்றி ஒரு வட்டம் என்று முடிந்துவிடும். மாமல்லபுரத்தில் அப்படி இல்லை. கடற்கரைக் கோயில் ஒரு பக்கம், ஐந்து ரதம் இன்னொரு பக்கம், நடுவில் குன்று முழுக்க குடைவரைகள், வடக்கே முகுந்த நாயனார் கோயில், தனித்தனியாக நிற்கும் ரதங்கள் என்று ஊர் முழுக்கச் சின்னங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி 300 மீட்டர் வட்டம் போட்டால் ஒரு வட்டம் இன்னொரு வட்டத்தின் மேல் விழுந்து பழைய ஊரின் பெரும்பகுதியை மூடிவிடும். கடல் பக்கம் போனால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள்.

1992-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். மகனுக்குக் கல்யாணம் ஆகிறது, மேலே ஒரு அறை எடுக்கலாம் என்று நினைக்கும் குடும்பத்துக்குத் தடை செய்யப்பட்ட பகுதியில் அந்த வழி இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஊர் எல்லைக்கு வெளியே போவதைத் தவிர வேறு வழியில்லை. இதே நேரத்தில் வட்டத்துக்கு வெளியே, பூஞ்சேரி, பட்டிபுலம், நெம்மேலிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ரிசார்ட்டுகளும் மனைப்பிரிவுகளும் எழும்புகின்றன. நினைவுச்சின்னங்களுக்கு இந்த விதி தேவை என்பதில் சந்தேகமில்லை. விதி இல்லாமல் இருந்திருந்தால் கடற்கரைக் கோயிலின் பின்னால் நாலு மாடி லாட்ஜ் நின்றிருக்கும். ஆனால் அதற்கான விலையை ஊரில் உள்ள பழைய குடும்பங்கள் மட்டும் கொடுக்கின்றன, அதற்கு ஈடாக டிக்கெட் பணத்தில் பங்கும் இல்லை என்பதுதான் குறை.

சுற்றி இருக்கும் பெரிய முதலீடுகள்

மாமல்லபுரத்தைச் சுற்றி ஒரு மணி நேரப் பயணத்துக்குள் பெரிய நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. வடக்கே சிறுசேரி ஐடி பூங்கா. மேற்கே செங்கல்பட்டை ஒட்டி மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை இருந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தபோது இந்த மாவட்டமே ஆடிப்போனது. தெற்கே கல்பாக்கத்தில் 1980-களில் இயங்கத் தொடங்கிய தலா 220 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள், பக்கத்திலேயே 500 மெகாவாட் அதிவேக ஈனுலை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்: 2013-ல் வந்தது நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் திறந்தது 15 கோடி லிட்டர். இந்தத் தண்ணீர் போவது சென்னை மாநகருக்கு.

இவ்வளவு இருந்தும் மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் பாதை போடுவது பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கும் திட்டம். இப்போதைக்கு ரயில் ஏற செங்கல்பட்டுக்கு சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும்.

பெரிய நிகழ்ச்சிகளும் வந்து போகின்றன. 2019 சந்திப்புக்காகச் சாலையோரக் கடைகளை அகற்றி ஊரையே துடைத்து வைத்தார்கள். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை பூஞ்சேரியில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவில் மட்டும் 180-க்கும் அதிகமான அணிகள். ஓட்டல்காரர்களுக்கும் டாக்சிக்காரர்களுக்கும் நல்ல வியாபாரம். தள்ளுவண்டியில் சுண்டலும் சங்கு மாலையும் விற்பவருக்கு, பாதுகாப்புக் கெடுபிடி அதிகம் இருந்த நாட்களெல்லாம் வருமானம் போன நாட்கள்.

நகராட்சி ஆனால் என்ன மாறும்?

மாமல்லபுரத்தை நகராட்சியாகத் தரம் உயர்த்தும் முடிவை 2024-ல் தமிழ்நாடு அரசு எடுத்தது. நகராட்சி என்றால் பொதுவாக 30 ஆயிரம் பேராவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும். 2011 கணக்கில் மாமல்லபுரம் அதில் பாதிதான். சுற்றுலா முக்கியத்துவம்தான் இங்கே கைகொடுத்தது.

தரம் உயர்ந்தால் பணியிடங்கள் கூடும், பொறியியல், சுகாதாரப் பிரிவுகள் பெரிதாகும், பெரிய திட்டங்களுக்கு நிதி கேட்க முடியும். மறுபக்கம், சொத்து வரியும் கட்டணங்களும் நகராட்சி அளவுக்கு ஏறும் என்ற கவலை மக்களுக்கு இருக்கிறது. தரம் உயரும்போது பக்கத்துக் கிராம ஊராட்சிகளைச் சேர்ப்பது என்ற பேச்சு எந்த ஊரில் வந்தாலும் எதிர்ப்பும் கூடவே வரும். கிராமப்புறத்துக்கான '100 நாள் வேலை' கைவிட்டுப் போய்விடும் என்பதுதான் முதல் காரணம்.

கணக்கெடுக்க வரும்போது என்ன நடக்கும்?

பிப்ரவரி மாமல்லபுரத்துக்கு உச்ச சீசன். ஒத்தவாடைத் தெருவில் அறை கிடைப்பதே கஷ்டம். ஆனால் விடுதியில் இரண்டு நாள் தங்கும் பயணி இந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார், அவர் வழக்கமாக வசிக்கும் வீட்டில்தான் எண்ணப்படுவார். ரிசார்ட்டிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் கணக்கெடுக்கும் நாட்களில் இங்கேயே தங்கி இருந்தால் இங்கே எண்ணப்பட வேண்டியவர்கள். சொந்த ஊரில் ரேஷன் கார்டு இருக்கிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. விடுதி ஊழியர் தங்கும் அறை, கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகை, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை எல்லாம் வீட்டுப் பட்டியலில் ஏறினால்தான் அங்கே இருப்பவர்களைத் தேடி ஆள் வரும். அந்தப் பட்டியல் முதல் கட்டத்திலேயே தயாராகிவிடும்.

வீடில்லாதவர்களுக்குத் தனி ஏற்பாடு. 2011-ல் பிப்ரவரி 28 இரவு ஒரே நாளில் அவர்களைக் கணக்கெடுத்தார்கள். பேருந்து நிலையத்திலும் கடற்கரை மண்டபத்திலும் படுத்திருக்கும் பாசிமணி வியாபாரிகள் அந்த ஓர் இரவில் எங்கே படுத்திருக்கிறார்களோ, அங்கேதான் எண்ணப்படுவார்கள்.